சினிமாவில் ஒரே நாளில் குணமாகிவிடுகிறது

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "நம் படங்களில் ஒருவருக்கு மனநோய் வந்தால் அவர் ஒன்று செத்துப்போக வேண்டும், இல்லையென்றால் கிளைமாக்ஸில் திடீரென்று தெளிந்துவிட வேண்டும், மூன்றாவது வழி கிடையாது" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும். அரசியல், கிரிக்கெட் கேள்விகளெல்லாம் அடுத்த முறை.

கேள்வி: ஒரு படத்தில் நாயகி சாகும் காட்சியைப் பார்த்ததிலிருந்து அதுவே மனதில் ஓடுகிறது. நிம்மதியாக இருப்பாள் இல்லையா என்று தோன்றுகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்கள், ஆனால் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். ஆனால் பத்திரிகை உங்கள் கைக்கு வர நாளாகும், இந்தப் பதிலுக்காக நீங்கள் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு இப்போதே போன் போடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 'சினேகா' அமைப்பு 1986-லிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது: 044-24640050. "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்ற ஒரு வரி போதும், மிச்சத்தை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அப்படியே வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள்.

அப்புறம் அந்த நாயகி. அவள் நிம்மதியாக இருப்பதுபோல் உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் கேமராமேனும் இசையமைப்பாளரும்தான். ஷாட் ஓகே ஆனதும் அந்த நடிகை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு டீ குடித்திருப்பார். உங்களுக்கு என்ன ஆனது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 'ஏக் துஜே கே லியே' வந்த சமயத்தில் அதைப் பார்த்துவிட்டுக் காதல் ஜோடிகள் உயிரை விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு படம் பார்த்து ஒருவர் சாவாரா சார்? எனக்கு நம்பிக்கையில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: படம் மட்டும் யாரையும் சாகடிக்காது. அதற்காகப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் கையைக் கழுவ முடியாது, சார்.

பாலசந்தர் 1978-ல் தெலுங்கில் 'மரோ சரித்ரா' எடுத்தார். கமல், சரிதா. டப்பிங் கூடச் செய்யாமல் தெலுங்கிலேயே சென்னை சபையர் தியேட்டரில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது. அதையே 1981-ல் இந்தியில் எடுத்ததுதான் நீங்கள் சொல்லும் படம். இரண்டிலும் முடிவில் காதலர்கள் சேர்ந்து உயிரை விடுகிறார்கள். இந்திப் படம் பிய்த்துக்கொண்டு ஓடியபோது நீங்கள் சொல்லும் செய்திகள் பத்திரிகைகளில் வந்தன, பெரிய சர்ச்சையும் ஆனது. அந்த மரணங்களுக்குப் படம்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஒருவர் அந்த முடிவுக்குப் போவதற்குப் பின்னால் நோய், குடும்பம், கடன், தனிமை, குடி என்று பல இருக்கும். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறவருக்கு ஒரு கதை தள்ளுவிசையாக மாறலாம் என்பதை உலகம் ரொம்ப நாளாகவே கவனித்து வந்திருக்கிறது. 1774-ல் ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதிய ஒரு நாவலின் நாயகன் வெர்தர் காதல் தோல்வியில் உயிரை விடுவான். அதைப் படித்த இளைஞர்கள் அவனைப்போலவே உடுத்திக்கொண்டார்கள், சிலர் அவனைப்போலவே இறந்தும்போனார்கள் என்ற அச்சத்தில் சில ஊர்களில் நாவலையே தடை செய்தார்கள். சமூகவியல் ஆய்வாளர் டேவிட் பிலிப்ஸ் 1974-ல் இதற்கு 'வெர்தர் விளைவு' என்று பெயர் வைத்தார்.

எனக்கு உறுத்துவது அவர்கள் சாகிறார்கள் என்பதுகூட இல்லை, செத்த பிறகு படம் அவர்களுக்குக் கொடுக்கிற பரிசு. அதுவரை முறைத்துக்கொண்டு நின்ற அப்பா உடைந்து அழுவார், ஊரே திரண்டு வரும், பாட்டு ஒன்று பின்னணியில் எழும், காதல் ஜெயித்துவிட்டது என்கிற மாதிரி டைட்டில் ஓடும். உயிரோடு இருந்தபோது கிடைக்காத அத்தனையும் செத்த பிறகு கிடைக்கிறது. அடுத்த நாள் காலை அந்த வீட்டில் யார் பால் வாங்கினார்கள், அம்மா எத்தனை வருஷம் மாத்திரை இல்லாமல் தூங்கவில்லை, தங்கையின் கல்யாணப் பேச்சில் அது எத்தனை முறை கிளறப்பட்டது, இதெல்லாம் காட்டப்படுவதில்லை. 'தேவதாஸ்' காலத்திலிருந்தே இதே பாடம்தான். அவன் என்ன, குடித்துக் குடித்துக் கொஞ்சம் நிதானமாகச் செத்தான்.

கேள்வி: "சாகறதுக்கு இருக்கற தைரியம் வாழறதுக்கு இல்லையா?" என்று ஹீரோ கன்னத்தில் அறைந்து அட்வைஸ் பண்ணும் காட்சிகள் நல்லதுதானே? (பேருந்து நடத்துநர், தர்மபுரி)

பதில்: கைதட்டல் வாங்க நல்லது. கேட்கிறவர் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள் அண்ணே. காய்ச்சலில் கிடப்பவரை ஒரு அறை விட்டு "உடம்பைச் சூடாக்காதே" என்றால் எப்படி இருக்கும்? கோழை என்ற பட்டம்தான் மிஞ்சும், அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். அறைவதற்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன ஆச்சு?" என்று கேட்கிற ஹீரோவை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வண்டியில் தினமும் எத்தனை முகம் பார்க்கிறீர்கள், அதில் யாருடைய முகமாவது சரியில்லை என்றால் நீங்களே அப்படிக் கேட்கக்கூடியவர்தான்.

கேள்வி: தனுஷ் நடித்த '3' படத்தில் காட்டியதுதான் பைபோலாரா? எனக்கு அந்த நோய் இருப்பதாக டாக்டர் சொன்னதும் என் மாமியார் அந்தப் படத்தைத்தான் சொன்னார். (ஐடி ஊழியர், கோவை)

பதில்: உங்கள் மாமியார் மேல் தப்பில்லை. 2012-ல் அந்தப் படம் வரும்வரை தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. ஒரு நோய்க்குப் பெயர் சொல்லி, அதற்கு டாக்டர் இருக்கிறார் என்றும் காட்டிய வகையில் அந்தப் படத்துக்கு ஒரு நன்றி சொல்லலாம், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏனென்றால் பைபோலார் என்றால் படத்தில் வருவதுபோல் கண்ணுக்கு ஆட்கள் தெரிவதும் பக்கத்தில் இருப்பவரை அடிப்பதும்தான் என்று ஜனம் முடிவு கட்டிவிட்டது. மனநிலை வாரக்கணக்கில் ஏறிப்போய்த் தூக்கமே வேண்டாம் என்று திரிவது, அப்புறம் வாரக்கணக்கில் பாதாளத்தில் கிடப்பது, நடுவில் சாதாரணமாக இருப்பது, இதுதான் பெரும்பாலானவர்களுக்கு. நோய் முற்றியபோது சிலருக்கு இல்லாதது தெரிவதும் உண்டு, ஆனால் அதுவே நோய் இல்லை. லித்தியம் மாதிரி மருந்துகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, ஆபீஸ் போய் இஎம்ஐ கட்டுகிறவர்கள் ஏராளம். உங்களையும் சேர்த்து.

அந்தப் படத்தில் எனக்கு ரொம்ப ஆகாதது வேறு ஒன்று. நோய் மனைவிக்குத் தெரியாது. நண்பனுக்கு மட்டும் தெரியும், அவனும் வாயைத் திறக்க மாட்டான். இந்த மறைப்பைப் படம் பாசம் என்று கொண்டாடுகிறது. நிஜத்தில், மருந்தை நிறுத்திவிட்டால் முதலில் கவனிக்கப்போவது கூட இருப்பவர்தான். அவரை இருட்டில் வைத்தால் யாருக்கு லாபம்? நீங்கள் மாமியார்வரை சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே அந்த ஹீரோவைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய சந்தேகத்தை அவரே கேட்கட்டும்.

கேள்வி: சந்திரமுகிக்கு வந்தது பேயா, நோயா? (பத்தாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி)

பதில்: படத்தின்படி நோய்தான், கண்ணு. ஆனால் வைத்தியத்தைப் பார்த்தால் பேய்க்குப் பண்ணியது மாதிரி இருக்கும். மூலப்படமான மலையாள 'மணிச்சித்ரதாழ்' 1993-ல் வந்தது, ஷோபனாவுக்குத் தேசிய விருது. 2005-ல் நம்மூரில் 'சந்திரமுகி'. மனநல மருத்துவரும் மந்திரவாதியும் கைகோத்து, ஒரே ராத்திரியில் ஒரு நாடகம் நடத்தி, அவளைக் குணப்படுத்திவிடுவார்கள். அதே வருஷம் 'அந்நியன்' வேறு வந்ததால் ஒரே ஆளுக்குள் பல ஆள் என்பதுதான் மனநோய் என்று ஆகிவிட்டது. நிஜத்தில் அது ரொம்ப ரொம்ப அரிது. மனச்சோர்வும் பதற்றமும்தான் எங்கே பார்த்தாலும் இருக்கிறது, ஆனால் அதற்குக் கிராபிக்ஸ் போட முடியாதே.

ஒரே நாள் வைத்தியத்துக்கு 'மூன்றாம் பிறை'யையும் சேர்த்துக்கொள். காலையில் வைத்தியரிடம் விட்டால் சாயங்காலத்துக்குள் ஸ்ரீதேவிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும், கமலைத் தவிர. அந்த ரயில்வே ஸ்டேஷன் காட்சிக்கு நான் இன்றைக்கும் அழுவேன், அது வேறு. ஆனால் நிஜ ஆஸ்பத்திரியில் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். "ஒரு வாரமா போடறேன், ஒண்ணும் ஆகல" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய பேர். அதில் சினிமாவுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

கேள்வி: 'சேது' படத்தில் காட்டிய சங்கிலி, கொட்டடி எல்லாம் மிகைப்படுத்தல் என்கிறான் என் மகன். நான் ஏர்வாடிப் பக்கத்துக்காரன், என்ன சொல்ல? (ராமநாதபுரம்)

பதில்: தேதியைச் சொல்லுங்கள். 'சேது' வந்தது 1999 டிசம்பர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தப் பகுதியில் இருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. ஆக இயக்குநர் பாலா மிகைப்படுத்தவில்லை, குறைத்தே காட்டியிருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம். 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்சிகிச்சை தரக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. படங்களில் வில்லன் டாக்டர் கத்தக் கத்தக் கரெண்ட் ஷாக் கொடுப்பாரே, அது குற்றம்.

'சேது'மேல் எனக்கு உள்ள மனத்தாங்கல் அதன் முடிவுதான். அவன் தெளிந்துவிடுகிறான், தப்பித்து வருகிறான், அவள் உயிரோடு இல்லை, திரும்பி அதே வண்டியில் ஏறிப் போய்விடுகிறான். குணமான ஒருவனுக்கு வெளியே இடமில்லை என்பதை அவ்வளவு அழுத்தமாக யாரும் சொன்னதில்லை. அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதுமில்லை.

கேள்வி: "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று காமெடி வந்தால் என் அண்ணன் டிவியை ஆஃப் செய்துவிடுவான். அவன் அங்கேதான் மருந்து வாங்குகிறான். (சென்னை)

பதில்: அண்ணன் பக்கம்தான் நான். 1794-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது, எத்தனை தலைமுறையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, நம்மிடம் மிஞ்சியிருப்பது ஒரு நக்கல். எங்கள் குடும்பத்திலும் ஒருவருக்காக நான் இரண்டு வருஷம் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போய்வந்திருக்கிறேன், ஊர் வேண்டாம். முதல் நாள் பயம் நோயைப் பற்றி இல்லை, தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்பதுதான். அதற்கென்றே ஒரு பொய்யும் தயார் செய்துவைத்திருந்தேன், பல்வலி. வரிசையில் நிற்கும்போது பார்க்கிறேன், எனக்கு முன்னால் நாலாவது ஆள் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், கையில் மருந்துச் சீட்டோடு. அவரும் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் செல்போனை எடுத்து நோண்டினோம். ஒரு மாதம் கழித்துக் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கும் வியாழக்கிழமைதானா?" என்றார். ஆமாம் என்றேன். "எட்டு மணிக்கே போயிட்டா கூட்டம் இருக்காது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் பல வியாழக்கிழமை ஒரே ஆட்டோவில் போனோம், ஆளுக்குப் பாதி வாடகை.

இது எந்தப் படத்திலும் வராது. இதில் கதையே இல்லை பாருங்கள்.

கேள்வி: படங்களில் காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி இரண்டுக்கும்தான் உயிரை விடுகிறார்கள். நிஜமும் அதுதானா? (நூலகர், திருச்சி)

பதில்: இல்லவே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் வருஷக் கணக்கு: நாடு முழுவதும் 1,70,924 பேர். தமிழ்நாடு 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணம் என்று பதிவானதில் குடும்பப் பிரச்சினை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, நோய் 18 சதவீதத்துக்கு மேல். காதல் விவகாரம் 5 சதவீதம்கூட இல்லை, தேர்வுத் தோல்வி சுமார் 1 சதவீதம். போலீஸ் எழுதும் காரணம் முழுக் காரணமாக இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே சொல்கிறேன். 1 சதவீதம் என்றாலும் அத்தனையும் பிள்ளைகள், அதைச் சின்னது என்று சொல்லவில்லை.

ஆனால் இதைப் பாருங்கள். இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தினக்கூலி. இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள். சித்தாள் வேலைக்குப் போய் முட்டி தேய்ந்து, கந்துவட்டி கட்டிக்கொண்டிருக்கும் 45 வயது ஆளுக்கு எந்த இயக்குநர் டூயட் வைக்கப்போகிறார்? விடிகாலை எழுந்து ராத்திரி பாத்திரம் கவிழ்த்துகிறவரைக்கும் யாரோடும் நாலு வார்த்தை பேசாத ஒரு பெண் நம் சினிமாவில் வருவாள், ஹீரோவுக்குத் தோசை வார்ப்பாள், போய்விடுவாள். அவளுக்கு என்ன ஆனது என்று கேமரா திரும்பிப் பார்க்காது. சினிமாவில் வேதனைப்படவும் 25 வயதாக இருக்க வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும்.

கேள்வி: 'நண்பன்', 'சிச்சோரே' மாதிரிப் படங்களாவது பரவாயில்லையா? (பொறியியல் மாணவர், ஈரோடு)

பதில்: பரவாயில்லை. இரண்டிலும் ஒரு மாணவன் பிழைத்துவருகிறான், அதுவே பாதி வெற்றி. ஆனால் 'நண்பன்' நண்பர்களின் ஜோக்கிலேயே தேற்றிவிடுகிறது, 'சிச்சோரே' அப்பா சொல்லும் பழங்கதையில் தேற்றுகிறது. மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஆளுக்கு இரண்டிலும் பெரிய வேலையில்லை. 2019-ல் அந்த அப்பாவாக நடித்த சுஷாந்த் சிங் ராஜ்புத் அடுத்த வருஷமே இறந்துபோனார். அப்போது டிவி சேனல்கள் ஆடிய ஆட்டம் எந்தப் படத்தையும்விடக் கேவலம். தற்கொலைச் செய்தியை எப்படி எழுதக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் 2019-லேயே பத்திரிகைகளுக்குச் சொல்லிவைத்திருந்தது, யார் கேட்டார்கள்?

பரீட்சை பற்றி ஒன்று. பிளஸ் டூவில் தோற்றால் ஒரு வருஷம் போச்சு என்றிருந்த காலம் மாறி, அதே வருஷமே துணைத்தேர்வு எழுதலாம் என்று வந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு அது மூச்சு விட இடம் கொடுத்திருக்கும்!

கேள்வி: உயிர் பிழைத்தவர்மேல் போலீஸ் கேஸ் போடுவதாக இன்னும் படங்களில் காட்டுகிறார்களே? (வழக்கறிஞர் குமாஸ்தா, மதுரை)

பதில்: தற்கொலைக்கு முயல்வதே குற்றம் என்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-வது பிரிவின் ஞாபகம். 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணிய வைப்பதற்காகச் செய்தால் மட்டும் வேறொரு பிரிவு. இது தெரியாமல் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, உங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நான் உதவி இயக்குநர். முதல் கதை எழுதியிருக்கிறேன். ஹீரோவுக்கு மனச்சோர்வு, கடைசியில் இறந்தால்தான் 'வெயிட்'டாக இருக்கும் என்கிறார் தயாரிப்பாளர். (வளசரவாக்கம்)

பதில்: தயாரிப்பாளருக்கு 'கும்பளங்கி நைட்ஸ்' போட்டுக் காட்டுங்கள் தம்பி. 2019, மலையாளம். அதில் அண்ணன் சஜி சாக முயல்கிறான், அவனைக் காப்பாற்றப் போன தமிழன் முருகன் இறந்துவிடுகிறான். அந்தக் குற்ற உணர்ச்சி சஜியை அரிக்கிறது, அவனால் அழக்கூட முடியவில்லை. ஒரு நாள் தம்பியிடம் வந்து, என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகிறாயா என்று கேட்கிறான். போகிறார்கள். டாக்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். பிறகு முருகனின் மனைவியையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துவந்து பார்த்துக்கொள்கிறான். கைதட்டல் வரவில்லையா, வெயிட் குறைந்ததா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் திரைப்படக்காரர்களுக்கென்றே ஒரு சின்னக் கையேடு போட்டது. எப்படி இறந்தார் என்பதை விளக்கமாகக் காட்டாதே, சாவைத் தீர்வாகக் காட்டாதே, உதவி கேட்டு மீள்கிறவரைக் காட்டு என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு சிகரெட்டைக் காட்டினால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை போடுகிற நாம் இதற்கும் ஒரு வரி போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த வரியைப் படிக்கிற நேரத்தில் பார்வையாளர் கண் ஹீரோமேல் இருக்கும்.

சஜியைப் பார்த்த அந்த டாக்டருக்குப் படத்தில் வேறு வேலையே கிடையாது, மொத்தமே ஓரிரு நிமிஷம். உங்கள் திரைக்கதையிலும் இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். டாக்டருக்குக் கோட்டும் கண்ணாடியும் மாட்டிவிட்டு ஆங்கிலத்தில் பேச விடாதீர்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.